சிவப்புக் குட்டியும் பச்சை நெத்திலியும்

அன்றைக்கு அந்த அறைக்குள் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாராவது வந்து விசாரித்தால் ஆள் கணக்கு மாறக்கூடாது. நான். என் மனைவி. அவளுடைய தம்பி, அதாவது என் மச்சான், முகத்துவாரக்குப்பத்தில் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன். கீழே குடியிருக்கும் ஹவுஸ் ஓனரம்மா. தெருமுனையில் ஆப்பக்கடை போட்டிருக்கும் அக்கா, கையில் மாவுக் கரண்டியோடு. மனிதர்கள் ஐந்து பேர். ஒரு கண்ணாடித் தொட்டியில் தாய்ப் பாம்பு, பக்கத்துத் தொட்டியில் தகப்பன். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் குட்டி ஒன்று, நிறம் சிவப்பு. படிக்கட்டில் நின்று எட்டிப் பார்த்தவர்களை நான் எண்ணவில்லை. உள்ளே கால் வைக்காதவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஆடி மாதத்தின் கடைசி ஞாயிறு. தெருக்கோயிலில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது, ஒலிபெருக்கி எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது. டப்பாவுக்குள் சிவப்புக் குட்டி தலையைத் தூக்கிப் பின்னால் வளைத்து, தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு, மல்லாந்து, மறுபடி புரண்டு ஆடிக்கொண்டிருந்தது. அது ஏன் ஆடுகிறது என்பதில் அறைக்குள் பல கருத்து இருந்தது. என்னிடம் கருத்து எதுவும் இல்லை, பயம்தான் இருந்தது. அந்தக் குட்டியின் பேரில் எட்டாயிரம் ரூபாய் அட்வான்ஸ் வாங்கி, வாங்கிய வாரமே செலவழித்திருந்தேன்.

நான் பயந்தவன். எட்டாவது படிக்கும்போது கணக்கு வாத்தியார் நாளைக்குப் பரீட்சை என்றார். மறுநாள் போகவில்லை, அதற்கப்புறமும் போகவில்லை. இப்போது திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு கேட்டில் உட்கார்ந்து, உள்ளே வரும் பெட்டிகளின் நம்பரை எழுதுகிறேன். நான்கு எழுத்து, ஏழு எண். வண்டி போனபிறகும் அதை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். காற்றில் ஏதாவது வாடை வந்தால், எந்த ஃபேக்டரி, எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று தெருவில் முதலில் கேட்பவன் நான். இப்படிப்பட்டவன் பாம்பு வளர்த்தானா என்று நீங்கள் கேட்பீர்கள். பயந்ததால்தான் வளர்த்தேன்.

அதற்கு முன்னால் மாடியில் சிமென்ட் தொட்டி கட்டி கலர் மீன் விட்டிருந்தேன். கப்பி மீன். நீல வால், சிவப்பு வால், புலி வரி என்று பிரித்துப் பிரித்துச் சேர்த்து, ஒரு வருடத்தில் நல்ல கலர் எடுத்தேன். ஜோடிக்கு இவ்வளவு என்று வாங்கிப் போனார்கள். இது எங்கள் தெருவுக்குத் தெரிந்தது. ஆறு மாதத்தில் தண்ணீர்த் தொட்டி, டிரம், உடைந்த வாஷிங் மெஷின், ஒரு வீட்டில் குழந்தை குளிக்கும் டப் வரை எல்லாவற்றிலும் கப்பி. விலை விழுந்து, கடைசியில் மீன் இலவசம், கவருக்கு மட்டும் காசு என்று ஆனது. என்னுடைய பயமே அதுதான். நான் எதை ஆரம்பித்தாலும் தெருவே ஆரம்பித்துவிடும். தெருவில் ஒருவன்கூட ஆரம்பிக்கத் துணியாத ஒன்று வேண்டும்.

தண்டையார்பேட்டையில் கலர் மீன் கடை வைத்திருக்கும் பாய், என் கப்பியை வாங்கி விற்றவர், ஒரு நாள் கடையின் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். விரல் தடிமனில் ஒரு ஜோடி. ஆண் பழுப்பு, முதுகில் மஞ்சள் கோடு. பெண்ணுக்கு அதே கோடு, ஆனால் விலாப் பக்கம் லேசாகச் செங்கல் நிறம் ஓடியது.

"கார்ட்டர் பாம்பு நைனா. அமெரிக்காக்காரன் வூட்டுத் தோட்டத்துல மண்புழு துன்னுகினு கெடக்கும். கடிச்சாலும் ஒன்னியும் ஆவாது. இது இங்கியே பொறந்தது, பெங்களூருல ஒருத்தர் வூட்ல. முட்டை வெக்காது, குட்டி போடும், உன் கப்பி மாதிரி. பொண்ணுக்கு வவுத்தாண்ட செவப்பு கீது பாரு? அத்த இஸ்து இஸ்து முழுச் செவப்பு ஆக்கிட்டியின்னு வெச்சுக்கோ, நீ ராஜா."

"எப்படி இழுக்கறது பாய்?"

"செவப்பா பொறக்குற பையனத் திரும்ப ஆத்தாளோடவே சேத்து வுடணும். அப்பதான் கலரு கெட்டியாவும்."

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அவள் பன்னிரண்டாவது படித்தவள், எங்கள் வீட்டின் கல்வி அவ்வளவும் அவளிடம்தான் இருக்கிறது.

"தாய்மாமனுக்குக் கட்டிக் குடுத்தாவே ஆசுபத்திரில திட்றாங்க. நீ இன்னாயா, ஆத்தாளுக்கும் புள்ளைக்கும் பந்தக்கால் நடப் போறியா? அதுவும் கலருக்கோசரம்?"

கலர் விஷயத்தில் அவள் பேச உரிமை உள்ளவள். நான் கறுப்பு என்று ஏழு வீட்டில் பெண் கொடுக்கவில்லை. எட்டாவது வீடு அவளுடையது. அங்கேயும் அவள் சித்தி ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தாள்.

வாங்கிவிட்டேன். தவணைக்குத்தான். பாய் கொடுத்த பில்லில் "கலர் மீன் - 2" என்று எழுதியிருந்தது. ஏன் பாய் என்றால், பில் புத்தகத்தில் மீன்தான் அச்சடித்திருக்கிறது என்றார். நான் அந்தப் பில்லை லேமினேட் செய்து சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். பாம்பைப் பற்றி யாராவது கேட்டால் மீன் என்று காட்ட. காட்டினால் என்ன ஆகும் என்று நினைத்து அதற்கும் பயந்தேன்.

இந்தப் பாம்பில் ஒரு தொல்லை. குளிர்காலம் ஒன்று வந்து போனால்தான் அதற்குக் குடும்ப நினைப்பே வரும். நாங்கள் இருக்கும் எண்ணூர் பக்கம் குளிர்காலம் எங்கே இருக்கிறது? மார்கழியில்கூட மின்விசிறி இரண்டில் ஓடும். வழி சொன்னவன் மச்சான்.

"மாமா, மீன் பத்து நாளு கெடாம கீதே, எப்பிடி? ஐஸ் பொட்டி மாமா. மீனுக்கு வெக்கிற குளுரு பாம்புக்கு வெச்சா ஒத்துக்காதா?"

ஒரு பெரிய தெர்மாகோல் மீன் பெட்டி. அதற்குள் பாம்பு டப்பா. சுற்றிலும் ஐஸ் நிரப்பிய பாட்டில்கள், நேராகப் பட்டுவிடாமல் இடையில் துணி. மச்சான் தினமும் காசிமேட்டிலிருந்து உடைத்த ஐஸ் கொண்டுவருவான். காலை ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை மாற்ற வேண்டும். பன்னிரண்டு டிகிரி. மீட்டரில் பதினொன்று காட்டினால் செத்துவிடும் என்று பயப்படுவேன், பதினான்கு காட்டினால் குளிர்காலம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும் என்று பயப்படுவேன். நான் டூட்டிக்குப் போன நேரத்தில் ஐஸ் மாற்றியவள் என் மனைவி.

"கல்யாணமாயி ஒம்போது வர்சம். ஒரு ஃபிரிட்ஜ் கேட்டேன். பாம்புக்கு ஊட்டி காட்டிகினு கீறான்," என்று கீழ்வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வாள். சொல்லிக்கொண்டே மாற்றுவாள்.

தை முடிந்ததும் வெளியே எடுத்து வைத்தோம். இரண்டும் ஒன்று சேர்ந்தன. சித்திரையில், கத்திரி வெயில் தொடங்குகிற வாரம், பதினொரு குட்டி. ஈரத்தில் சணல் நூல் துண்டுகள் போலக் கிடந்தன. பத்து பழுப்பு. ஒன்று மட்டும் தலைமுதல் வால்வரை செம்பருத்திப் பூ நிறம். மச்சான் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான்:

"பத்து கருவாடு, ஒரு மொளகா."

கருவாடு பத்தையும் பாய் தவணைப் பாக்கிக்காக எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கணக்கு அத்தோடு தீர்ந்தது. மிளகாயை நான் வைத்துக்கொண்டேன். போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் போடுவதற்கு எழுதினேன்: நல்ல சிவப்பு, வயது மூன்று வாரம், சாந்தமான சுபாவம். மனைவி படித்தாள்.

"ஜாதகம் போடலியா?"

நான் அழிக்கவில்லை. அந்த வாசகத்துக்கே அண்ணா நகரிலிருந்து ஒருவர் வந்தார். வீட்டில் மூன்று மலைப்பாம்பு வைத்திருக்கிறாராம். செருப்பை வெளியே விடாமல் கையில் எடுத்து வந்தார், தெரு மீது அவ்வளவு நம்பிக்கை. குட்டியை விரலில் சுற்றிக்கொண்டு, "இதான் சார் கலர்," என்றார். அதுவரை வாழ்நாளில் யாரும் என்னை சார் என்றதில்லை. பதினைந்தாயிரம் பேசினோம். குட்டி இன்னும் சின்னது, இரை நன்றாக எடுக்கட்டும், புரட்டாசியில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று எட்டாயிரம் எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் பணத்தில் செகண்ட் ஹேண்ட் ஏசி வாங்கினேன். எனக்கில்லை. குட்டிக்கு எங்கள் வெயில் தாங்காது. ஆனால் ஏசி ஓடிய அன்றைக்கு என் மாமியார் முகத்துவாரக்குப்பத்திலிருந்து பாம்பு பார்க்க வந்தார். மறுநாளும் பார்க்க வந்தார். மூன்றாம் நாள் தலையணையோடு வந்தார்.

குட்டிக்கு முதலில் என் கப்பி மீன்களைப் போட்டேன். சிறு மீனாகப் பார்த்துப் பிடித்துத் தின்றது. ஒரு மாதத்தில் என் தொட்டி காலி. தெருக்காரர்களிடம் போய்க் கப்பி கேட்க எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. அப்போதுதான் மச்சான் நெத்திலி கொண்டுவர ஆரம்பித்தான். கரையில் படகு ஏற்றிய கையோடு ஒரு கைப்பிடி அள்ளி, பைக்கில் நேராக வருவான். மீனின் கண் கண்ணாடி போல இருக்கும். எங்கள் பக்கத்தில் மீனுக்கு அதற்குமேல் மரியாதை கிடையாது. நேற்றைய மீனை விருந்தாளிக்குப் போட்டால் சண்டை வரும். பெரியவர்கள் இரண்டுக்கும் ஏரி ஜிலேபி மீன் துண்டு. சின்னது என்பதால், அட்வான்ஸ் வாங்கிய பிள்ளை என்பதால், குட்டிக்கு மட்டும் முதல் தரம்: அடுத்த இரண்டு மாதமும் பச்சை நெத்திலி, நெத்திலி தவிர வேறில்லை.

ஆடி பிறந்ததும் ஹவுஸ் ஓனரம்மா மாடியேறி வந்தாள். "தம்பி, ஆடியில ஒருத்தர வூடு காலி பண்ணச் சொல்லக்கூடாது. நான் சொல்ல மாட்டேன். ஆவணி ஒன்னாந்தேதி பாம்பத் தூக்கிகினு நடையக் கட்டு." நியாயமான பெண்மணி.

அதற்கப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. மாமியார் தன் குப்பத்துக் கூழுக்குப் போயிருந்தார். குட்டி ஆடுவதை முதலில் பார்த்தது கரண்டியோடு ஆப்பப் பாக்கி கேட்க மாடியேறி வந்த ஆப்பக்கடை அக்கா. அவர் போட்ட சத்தத்தில் ஓனரம்மா கூழ்ச் சொம்போடு ஓடிவந்தாள். டப்பாவைப் பார்த்தாள், சொம்பைக் கீழே வைத்தாள், இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினாள்.

"ஆத்தா! எறங்கிட்டியா தாயே! ஆடி கடசி நாயித்துக் கெழமையில, என் வூட்டு மாடியில!"

"அய்ய, இது காக்கா வலிப்பு," என்றார் ஆப்பக்கடை அக்கா. "எங்க நாத்தனாருக்கு இப்பிடித்தான் இஸ்துகினு போவும். சாவிக்கொத்த எட்த்து கைல குடுங்க."

"அதுக்கு ஏதுக்கா கையி?" என்றான் மச்சான்.

அக்கா தன் கடைச் சாவிக்கொத்தை டப்பாவின் மூடிமேல் வைத்தார். இரும்பு பக்கத்தில் இருந்தால் போதுமாம்.

"ஏசி ஒத்துக்கல மாமா. ஏழைப்பட்ட வூட்ல பொறந்த பாம்பு," என்றான் மச்சான்.

ஓனரம்மா காதில் எதுவும் விழவில்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். கற்பூரம் ஏற்றப் போனவளை என் மனைவி கையைப் பிடித்து நிறுத்தினாள், பிளாஸ்டிக் டப்பா என்று. அடுத்து ஓனரம்மா வாக்குக் கேட்டாள்.

"தாயே, என் பையனுக்கு துபாய் விசா எப்ப வரும்?"

குட்டி வலப்பக்கம் முறுக்கிக்கொண்டு மல்லாந்தது.

"வந்துருமாம்!" என்றாள் படிக்கட்டில் நின்றவர்களிடம். உடனே படிக்கட்டில் வரிசை நின்றது. ஒருவருக்குப் பெண்ணின் கல்யாணம், ஒருவருக்கு ரேஷன் கார்டு.

நான் கணக்குப் போட்டேன். இது ஆத்தா என்றால் என் பொருளை இனிமேல் விற்க முடியாது. ஆத்தா இல்லை என்றால் சாகப்போகிறது. இரண்டிலும் எட்டாயிரம் போச்சு. அதைவிட, மூன்று மாதமாக என் விரலில் சுற்றிக்கொண்டு தூங்கிய பிராணி, வாயைத் திறந்து திறந்து மூடியது. அதைப் பார்க்க முடியாமல் நான் கேஸ் சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன். மூடித்தான் இருந்தது. திரும்பி வந்தேன்.

என் மனைவி அதற்குள் வீடியோ எடுத்துப் பாய்க்கு அனுப்பி, போனில் பிடித்துவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். போனில் வந்தவரை நான் ஆள் கணக்கில் சேர்க்கவில்லை.

"ரெண்டு மூனு நாளாவே எரைய புடிக்க சொல்ல குறி தப்புது பாய். பக்கத்துலயே போயி கடிக்குது," என்றாள் அவள். நான் கவனிக்காத விஷயம் அது.

"துன்றதுக்கு இன்னாமா குடுக்குறீங்க?"

"நெத்திலி."

"பச்சையாவா?"

மச்சான் முந்திக்கொண்டான். "பச்சையாத்தான் பாய்! கரைக்கு வந்து அரை அவரு ஆவாத மீனு. ஐஸ்கூட படாதது."

"கெடுத்திங்க போ. எத்தினி நாளா?"

"ரெண்டு மாசமா," என்றேன்.

"நெத்திலிய பச்சையா, அதையே தெனமும் போட்டா, அதுல கீற ஒன்னு ஒடம்புல கீற பி ஒன் வைட்டமின துன்னுரும் நைனா. நரம்பு இஸ்துக்கும். சுடுதண்ணில கொஞ்சம் வேக வெச்சு ஆற வெச்சுக் குடுத்திருந்தா ஒன்னியும் ஆவாது. வூட்ல பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை கீதா?"

மச்சானின் முகம் சிவந்துவிட்டது. "எங்க நெத்திலிய கொற சொல்றாரு மாமா. ஃபிரெஷ்ஷா குடுத்தா தப்பாம். வேக வெச்ச மீன, ஆறிப்போன மீன போடணுமாம். ஊருல கேட்டா சிரிப்பானுங்க."

"நீ மொதல்ல பச்சையா துன்னு பாத்தியாடா?" என்றாள் அவன் அக்கா. "நாமளே கொழம்பு வெச்சுத்தான துன்றோம்."

பி காம்ப்ளெக்ஸ் இருந்தது. என்னிடம் எப்போதும் இருக்கும். கவலைப்பட்டுக் கவலைப்பட்டு விரல் மரத்துப்போகிறது என்று டாக்டரிடம் போனபோது எழுதிக் கொடுத்தார், சட்டைப் பையில் பில்லுக்குப் பக்கத்திலேயே அட்டை. பாய் அளவு சொன்னார். மனைவி ஒரு துணுக்கைத் தண்ணீரில் கரைத்து, காது மருந்து பாட்டிலின் சொட்டுக்குழாயைக் கழுவி எடுத்தாள். பிடிக்க வேண்டியவன் நான். மச்சான் வாயைத் திறந்துவிட, அவள் ஒரு சொட்டு, பொறுத்து இன்னொரு சொட்டு.

"சாமிக்கு மாத்திரை குடுக்குறியா? கண்ணு அவிஞ்சிரும்," என்றாள் ஓனரம்மா.

"ஆத்தாவுக்கு அலுப்பா இருக்கும்மா. ஆடி பூரா எத்தினி வூட்ல எறங்கியிருக்கும்," என்றாள் என் மனைவி, சொட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஓனரம்மா தானே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து காவல் காத்தாள். மத்தியானம் ஒலிபெருக்கியைக் கழற்றினார்கள். வரிசை கூழுக்குப் போனது. மூன்று மணி வாக்கில் முறுக்கல் குறைந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் குட்டி சாதாரணமாகக் குப்புறப் படுத்து, நாக்கை வெளியே நீட்டி, அறையை மோப்பம் பார்த்தது.

"மலையேறிட்டா," என்றாள் ஓனரம்மா. கொஞ்சம் வருத்தத்தோடு.

அதற்கப்புறம் பத்து நாள் சொட்டு மருந்து. தெருவில் வீடு வீடாகப் போய்க் கப்பி வாங்கினேன். சும்மா கொடுத்த மீனுக்கு ஒரே வாரத்தில் விலை வந்துவிட்டது. தெருவில் எல்லோருக்கும் மீண்டும் நல்ல காலம். மச்சான் நெத்திலி கொண்டுவருவதை நிறுத்தவில்லை. வேகவைத்து ஆறவைத்து, யாரும் பார்க்காதபோது அவனே டப்பாவில் போட்டான். குட்டி கொழுத்தது. கொழுத்து, ஆவணியில் ஒருமுறை, புரட்டாசியில் ஒருமுறை தோல் உரித்தது.

முதல் சட்டை கழன்றபோது செம்பருத்தி போய்ச் செங்கல் வந்தது. இரண்டாவதில் செங்கலும் போய், நனைந்த ஓடு.

அண்ணா நகர்க்காரர் வந்தார். அந்த முறை செருப்பைக் கழற்றவே இல்லை. ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும், எட்டு வீட்டில் பார்த்தது.

"போட்டோல வேற கலர் இருந்துச்சே."

"பொறந்தப்ப எல்லாருந்தான் சார் செவப்பு," என்றாள் என் மனைவி. "இவரே பொறந்தப்ப செக்கச்செவேல்னு இருந்தாராம். எங்க மாமியா இன்னிக்கும் சொல்லும்."

அவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார். ஓனரம்மா கதவருகே வந்து நின்று, வீடு தேடி வந்த ஆத்தாவை விலை பேசுகிறாயா என்று அவரை ஒரு பிடி பிடித்தாள். ஆத்தாவுக்குக் கலர் என்ன, கறுப்பாக இருந்தால்தான் காளி என்றாள். அந்த ஒரு பேச்சுக்காக அவள்மேல் எனக்குப் பிரியம் உண்டு. காலி பண்ணச் சொன்னதை அவள் மறந்தேபோய்விட்டாள். ஆனால் ஐப்பசியிலிருந்து வாடகையில் ஐந்நூறு ஏற்றிவிட்டாள். சாமி இருக்கிற வீடாம்.

ஏசியை விற்கலாம் என்று பார்த்தால் குட்டிக்கு வெயில் ஆகாது. மாமியாருக்கும் ஆகாது. அன்றைக்கு அண்ணா நகர்க்காரரிடம் கையிலிருந்த இரண்டாயிரம் கொடுத்தேன். பிறகு மாதம் ஐந்நூறாக மூன்று மாதம் அனுப்பினேன், ஒவ்வொரு முறையும் போய்ச் சேர்ந்ததா என்று இரண்டு தடவை போன் செய்து கேட்டேன், அவர் இரண்டாவது தடவை எடுப்பதில்லை. இப்போது மார்கழி. ஐஸ் பெட்டியைக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறோம். குட்டி பழுப்பாக, நலமாக, என் விரலில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் பேரில் நான் இன்னும் தர வேண்டியது நான்காயிரத்து ஐந்நூறு ரூபாய்.